ஊட்டி ஏரியை உருவாக்கிய கலெக்டர்: ஜான் சல்லிவன் யார்? அவர் ஏரிக்கு என்ன ஆச்சு?

ஊட்டியில் கோடை மழை அரை மணி நேரம் வலுத்துப் பெய்தால் போதும். பேருந்து நிலையம் பக்கம், ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கிவிடும். டூரிஸ்ட் கார்கள் வரிசையாக நிற்கும். கொஞ்சம் தள்ளி, ரேஸ் கோர்ஸ் மைதானம் குளம் மாதிரி காட்சி தரும். அடுத்த சில நிமிடங்களில் அந்த வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை ஊர் இது. இங்கே எப்படித் தண்ணீர் தேங்கும்? பெய்கிற மழை சரிவில் வழிந்து ஓடிவிடாதா?

கேள்வி நியாயமானதுதான். பதில் ரொம்ப எளிது. பேருந்து நிலையமும் ரேஸ் கோர்ஸும் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி. தண்ணீர் வழி தவறி அங்கே வரவில்லை. பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

அந்த ஏரி இயற்கையாக உருவானதும் இல்லை. 200 ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஓர் ஆங்கிலேயர் அணை கட்டித் தேக்கியது. அவர் பெயர் ஜான் சல்லிவன். ஊட்டி என்ற ஊரையே உருவாக்கியவர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் கதையைத் தெரிந்துகொண்டால், இன்றைக்கு ஊட்டி ஏரி ஏன் இப்படி ஆனது என்பதும் புரிந்துவிடும்.

யார் இந்த சல்லிவன்?

ஜான் சல்லிவன் 1788 ஜூன் 15-ல் லண்டனில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கிழக்கிந்திய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மதராஸ் வந்தார். அந்தக் காலத்தில் கம்பெனியின் கீழ்நிலை சிவில் பணிக்கு 'ரைட்டர்' என்று பெயர். கணக்கு எழுதுவது, கடிதங்களை நகல் எடுப்பது என்று தொடங்கி, படிப்படியாகத்தான் மேலே போக வேண்டும். சல்லிவன் கொஞ்சம் வேகமாகவே போனார். 1815-ல், 30 வயதுகூட ஆகாத நிலையில், கோயம்புத்தூர் கலெக்டர் ஆனார்.

அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் இன்றுள்ளதைவிடப் பெரியது. ஈரோடு, பவானி, சத்தியமங்கலம் எல்லாம் அதற்குள் அடக்கம். வடமேற்கில் நீலமாகத் தெரியும் மலைத்தொடரும் காகிதத்தில் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு நீலகிரி கம்பெனியின் கைக்கு வந்திருந்தது. ஆனால் மேலே என்ன இருக்கிறது என்று கம்பெனி அதிகாரிகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

அதற்காக, சல்லிவன்தான் நீலகிரியைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியாக இருக்காது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் மக்கள் பல நூற்றாண்டுகளாக இங்கே வாழ்ந்துவந்தார்கள். ஐரோப்பியர்களில்கூட ஃபெனிசியோ என்ற யேசு சபைப் பாதிரியார் 1603-லேயே மலபார் பக்கமிருந்து ஏறி வந்து தோடர்களைச் சந்தித்திருக்கிறார். 1812-ல் கீஸ், மக்மகோன் என்ற இரண்டு சர்வேயர்களும், 1818-ல் சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மேலே போய் வந்தார்கள். குளிர்ந்த காற்றும் புல்வெளியும் நிறைந்த மேட்டு நிலத்தைப் பற்றி இவர்கள் கொண்டுவந்த தகவல்தான் சல்லிவனின் ஆர்வத்தைக் கிளப்பியது.

1819: சிறுமுகையிலிருந்து மலைக்கு

1819 ஜனவரி 2-ல் சிறுமுகையிலிருந்து சல்லிவனின் குழு புறப்பட்டது. ஐரோப்பியர்கள், சிப்பாய்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். சாலை கிடையாது. காடு, செங்குத்தான பாறைச் சரிவு, கீழே வந்தால் மலேரியா. ஜனவரி 8-ல்தான் கோத்தகிரி பக்கம் உள்ள திம்பட்டியை அடைய முடிந்தது. இன்று சிறுமுகையிலிருந்து காரில் கோத்தகிரி போக ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அன்று ஒரு வாரம் ஆனது.

மேலே கண்ட காட்சி சல்லிவனை அசரவைத்தது. கீழே வெயிலிலும் காய்ச்சலிலும் ஆங்கிலேய அதிகாரிகள் செத்து விழுந்துகொண்டிருந்த காலம் அது. இங்கேயோ ஜனவரியில் புல் மேல் உறைபனி படிந்திருந்தது. உடல்நலம் கெட்டவர்கள் தங்கித் தேற இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவர் மதராஸ் அரசுக்குத் தொடர்ந்து எழுதினார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஒரு பங்களாவும் கட்டிக்கொண்டார். அது இன்று சல்லிவன் நினைவகமாக இருக்கிறது.

1820-ல் அவருக்குத் திருமணம் ஆனது. மனைவி ஹென்ரியட்டா, நீலகிரியில் குடியேறி வாழ்ந்த முதல் ஐரோப்பியப் பெண் என்று குறிப்பிடப்படுகிறார். சிறுமுகையிலிருந்து மலைக்குப் பாதை போடும் வேலை மக்ஃபர்சன் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் நடந்து, 1823-ல் முடிந்தது. பாதை வந்தால் ஊர் வரும், இல்லையா? அதற்குள் சல்லிவனின் கண் கோத்தகிரியைத் தாண்டி மேற்கே போயிருந்தது. 1821 மார்ச்சில் மதராஸ் பத்திரிகை ஒன்றில் வெளியான கடிதத்தில் 'வோடகிமந்து' என்று ஓர் இடத்தின் பெயர் வந்திருந்தது. அதுதான் பின்னாளில் உதகமண்டலம்.

அவர் வருவதற்கு முன் தண்ணீர் எங்கே போனது?

கதையின் முக்கியமான இடம் இதுதான். உதகமண்டலம் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஆனால் 'மந்து' என்றால் தோடர்களின் குடியிருப்பு என்பதில் சந்தேகமில்லை. கோடப்பமந்து, மார்லிமந்து என்று ஊட்டியைச் சுற்றி இருக்கும் பெயர்களெல்லாம் அப்படி வந்தவைதான்.

தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். அவர்களுடைய எருமைகள் மேய்ந்த நிலம், மேலே பார்த்தால் வெறும் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு. பள்ளத்தில் சதுப்பு நிலம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நீலகிரியின் தண்ணீர் தொட்டி. மழை பெய்தால் புல்லின் வேர்களும் சோலையின் மக்கிய இலைப் படுகையும் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். அதனால்தான் கோடையிலும் நீலகிரி ஓடைகள் வற்றாமல் ஓடின. வந்த தண்ணீரும் தெளிவாக இருந்தது. தனியாக மழைநீர் வடிகால் எதுவும் தேவைப்படவில்லை. மலையே வடிகட்டியாகவும் தொட்டியாகவும் இருந்தது.

சல்லிவன் வந்தபோது அவர் கண்ணில் பட்டது பச்சைப் பள்ளத்தாக்கும் அதன் நடுவே ஓடிய ஓடைகளும்தான். அங்கே ஓர் ஊர் வந்தால் அந்த நீர்வழிகள் என்ன ஆகும் என்று யோசிக்கும் அறிவியல் அன்று யாரிடமும் இல்லை.

கல் பங்களாவும் ஏரியும்

1822-ல் சல்லிவன் ஊட்டியில் தன் வீட்டைக் கட்டத் தொடங்கினார். ஊட்டியின் முதல் ஐரோப்பிய பாணி வீடு அது. உள்ளூர் மக்கள் அதற்கு வைத்த பெயர் கல் பங்களா. ஆங்கிலேயர்கள் ஸ்டோன் ஹவுஸ் என்றார்கள். நிலத்தைத் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்ற விலைக்கு வாங்கினார். இன்று அந்த வளாகத்தில்தான் ஊட்டி அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது.

வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பார்லி, பழ மரங்கள் என்று ஐரோப்பியப் பயிர்களை வளர்த்துப் பார்த்தார். இன்று 'இங்கிலீஷ் காய்கறி' என்று சந்தையில் வாங்குகிறோமே, அதற்கு நீலகிரியில் விதை போட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

1823 முதல் 1825 வரை இன்னொரு வேலையும் நடந்தது. பள்ளத்தாக்கில் ஓடிவந்த ஓடைகளின் குறுக்கே கரை எழுப்பி, தண்ணீரைத் தேக்கினார்கள். அதுதான் ஊட்டி ஏரி. அன்று அது இன்றைவிட மிக நீளமானது. கிழக்கே இன்றைய ரேஸ் கோர்ஸ் இருக்கும் இடத்தையும் தாண்டிப் பரவியிருந்தது. மீன் பிடிக்கவும், ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் படகில் போகவும் பயன்பட்டது. கரை உடைந்து தண்ணீர் வெளியேறிய சம்பவங்களும் நடந்தன. ஒருமுறை இல்லை, மூன்று முறை.

1826 செப்டம்பரில் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ ஊட்டிக்கு வந்து சல்லிவனின் விருந்தாளியாகத் தங்கினார். மாகாணத்தின் உச்ச அதிகாரியே வந்து பார்த்துவிட்ட பிறகு, ஊட்டிக்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை.

கவர்னருடன் மோதல்

மன்றோவுக்குப் பிறகு 1827-ல் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் கவர்னர் ஆனார். அவருக்கும் ஊட்டி பிடித்திருந்தது. சாலைகள் போட்டார், ராணுவ வீரர்கள் உடல் தேறும் முகாம் அமைத்தார், புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஆனால் சல்லிவனைப் பிடிக்கவில்லை.

இருவருக்கும் இடையே இருந்த பெரிய பிரச்சினை நிலம். மலையின் நிலம் தோடர்களுக்குச் சொந்தம், அரசே எடுத்தாலும் அவர்களுக்கு உரிய விலை தர வேண்டும் என்பது சல்லிவனின் வாதம். நிலம் அரசுடையது, தோடர்களுக்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டும்தான் என்பது எதிர்த் தரப்பு. சல்லிவனே ஊட்டியைச் சுற்றிப் பெரிய பரப்பில் நிலம் வைத்திருந்தது எதிரிகளுக்கு வசதியாகப் போனது. சொந்த நிலத்தைக் காப்பாற்றத்தான் தோடர்கள் பெயரைச் சொல்கிறார் என்று பேச அது இடம் கொடுத்தது.

முடிவு என்ன? 1828-ல் ஊட்டி ஒரு ராணுவ அதிகாரியின் பொறுப்பில் போனது. 1830-ல் ஊட்டி உள்ளிட்ட நீலகிரியின் பெரும்பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. தான் உருவாக்கிய ஊரின் மேல் சல்லிவனுக்கு எந்த அதிகாரமும் இல்லாமல் போனது. அதே ஆண்டு கலெக்டர் பதவியையும் விட்டார். 15 ஆண்டு உழைப்பு ஓர் உத்தரவில் முடிந்தது. நீலகிரி மீண்டும் கோயம்புத்தூரோடு இணைய 1843 வரை ஆனது. ஊட்டி நகரம் எழுந்த நிலத்துக்காகத் தோடர்களுக்குப் பின்னாளில் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை இழப்பீடாக முடிவானது. சல்லிவன் கேட்ட நிலவுரிமைக்கு அது ஈடாகாது.

இரண்டு கல்லறைகள், ஒரு புத்தகம்

1830-களில் சல்லிவன் திரும்ப வந்தார். மதராஸ் வருவாய் வாரியத்தில் உயர் பொறுப்பு. ஊட்டியிலும் தங்கினார். ஆனால் 1838 அவர் வாழ்க்கையின் மோசமான ஆண்டு. மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் அதே ஆண்டில் இறந்துபோனார்கள். இருவரும் புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் அந்தக் கல்லறைகளை இன்றும் பார்க்கலாம்.

1841-ல் சல்லிவன் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். பிறகு திரும்பவே இல்லை.

இங்கிலாந்தில் அவர் சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் ஆட்சி முறையைக் கடுமையாக விமர்சிப்பவராக மாறினார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருப்பதை எதிர்த்தார். இந்தியர்களுக்கு உயர் பதவிகள் தர வேண்டும், இந்திய மன்னர்களோடு செய்த ஒப்பந்தங்களை மதிக்க வேண்டும் என்று பேசினார். கடைசிக் கருத்தை வைத்து 1853-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். தோடர்களுக்காகப் போட்ட சண்டையின் தொடர்ச்சிதான் இது என்று பார்க்கலாம். கொடுத்த வாக்கு வாக்குதான், அடுத்தவர் சொத்து அடுத்தவர் சொத்துதான் என்ற ஒரே பிடிவாதம்.

1855 ஜனவரி 16-ல் சல்லிவன் இறந்தார். இங்கிலாந்தில் ஸ்லவ் நகரை ஒட்டிய அப்டனில், புனித லாரன்ஸ் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

அவர் போன பிறகு ஏரிக்கு என்ன ஆனது?

சல்லிவன் போனாலும் ஊர் வளர்ந்துகொண்டே போனது. 1866-ல் ஊட்டிக்கு நகராட்சி வந்தது. அடுத்து, மதராஸ் மாகாணத்தின் கோடைத் தலைநகரம் ஆனது. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் மலை ரயில் வந்தது. பங்களாக்கள், பஜார், லாயங்கள், குடியிருப்புகள் எல்லாம் ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில் எழுந்தன.

பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது ஏரி. அதனால் மேலே இருக்கும் பஜாரின் அழுக்கும் லாயங்களின் சாணமும் மழையோடு ஏரிக்குத்தான் வந்தன. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஏரி நாறுகிறது என்ற புகார் எழுந்துவிட்டது. அதற்குக் கண்டுபிடித்த தீர்வு, ஏரியின் மேல் பகுதியை மூடுவது. வில்லோ பண்ட் என்ற கரைக்குக் கிழக்கே இருந்த பகுதி வற்றவைக்கப்பட்டு, ஹோபார்ட் பார்க் என்ற மைதானம் ஆனது. அதில்தான் ரேஸ் கோர்ஸ் வந்தது. பின்னாளில் பேருந்து நிலையமும் பழைய ஏரி நிலத்திலேயே வந்தது. மிச்சம் இருக்கும் ஏரியின் பரப்பு இன்று சுமார் 65 ஏக்கர். 1973-ல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதைப் படகுத் துறையாக எடுத்து நடத்தத் தொடங்கியது.

இதற்கிடையே மலையும் மாறியது. 1843-ல் ஆஸ்திரேலியாவின் தைலமரம் வந்தது. சீகை மரமும் வந்தது. பிறகு தேயிலை, காய்கறித் தோட்டங்கள். புல்வெளி குறையக் குறைய, தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தியும் குறைந்தது. 1954 முதல் ஊட்டியில் இயங்கும் மண், நீர்வள ஆராய்ச்சி மையம் இதை நேரடியாக அளந்தே காட்டியிருக்கிறது. புல்வெளியில் தைலமரம் நட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஓடை நீர் குறைந்தது என்பது அதன் நீண்டகால ஆய்வின் முடிவு.

கோடப்பமந்து கால்வாய் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஊட்டி நகரத்தின் நடுவே ஓடி ஏரியில் கலக்கும் முக்கியக் கால்வாய் கோடப்பமந்து கால்வாய். பெயரைக் கவனியுங்கள். மேலே கோடப்பமந்தில் குடிநீர் தேக்கம் இருக்கிறது. கீழே அதே பெயரில் ஓடுவது ஊரின் சாக்கடை. ஒரு தோடர் மந்தின் பெயர் இப்படிக் கழிவுநீர் வாய்க்காலின் பெயராகிவிட்டது.

ஒரு நகரத்தில் இரண்டு வகைத் தண்ணீர் வெளியேறுகிறது. ஒன்று, கழிவறை, சமையலறை, குளியலறையிலிருந்து வரும் கழிவுநீர். அது குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். ஊட்டிக்குக் காந்தல் முக்கில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. இன்னொன்று, கூரை, சாலை, சரிவுகளில் விழும் மழைநீர். அது தனி வடிகால் வழியாக ஓடைக்கும் ஏரிக்கும் போக வேண்டும்.

பிரச்சினை, இரண்டும் ஒன்றாகும்போது தொடங்குகிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடும் லாட்ஜும் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டால், அது நேராக ஏரிக்குப் போய்விடும். மழைநீரைச் சாக்கடையில் விட்டால், மழை நாளில் மேன்ஹோல் பொங்கும். சுத்திகரிப்பு நிலையமும் திணறும். கடைசியில் அதுவும் ஏரிக்கே வரும்.

சரி, மழைநீர் மட்டும் வந்தால் ஏரி சுத்தமாக இருக்குமா? அதுவும் இல்லை. 1,000 சதுர அடி கான்கிரீட் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் கீழே வரும். அதே மழை புல்வெளியில் பெய்தால் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும். கான்கிரீட்டும் தாரும் கூடக்கூட, தண்ணீர் வேகமாகவும் மொத்தமாகவும் பாயும். வழியில் கிடப்பதை எல்லாம் இழுத்து வரும். பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் சில நிமிடத் தண்ணீர்தான் படு அழுக்கு. வாகனங்கள் சிந்திய ஆயில், டயர் துகள், குதிரைச் சாணம், சிப்ஸ் பாக்கெட், தோட்டத்து உரம், உழுத சரிவின் மண் எல்லாமே அதில் இருக்கும்.

ஏரிக்கு வந்த பிறகு நடப்பதும் தெரிந்த கதைதான். மண் அடியில் படிந்து ஆழம் குறையும். கழிவிலும் உரத்திலும் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸைச் சாப்பிட்டுப் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகும். அவை மக்கும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். மீன் சாகும், நாற்றம் கிளம்பும்.

தூர்வாரினால் சரியாகிவிடுமா?

கொஞ்ச நாளைக்குச் சரியாகும். ஊட்டி ஏரி பலமுறை தூர்வாரப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்திலும் ஊட்டி இடம்பெற்றது. ஆகாயத்தாமரையை எடுக்கிறார்கள், சேற்றை அள்ளுகிறார்கள், கால்வாயில் குப்பையைத் தடுக்க வலை போடுகிறார்கள். இவை அவசியமான வேலைகள்தான். ஆனால் ஏரி ஒரு பாத்திரம். குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் பாத்திரத்தை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் என்ன பயன்?

வேலை ஏரியில் இல்லை, ஏரிக்கு மேலே இருக்கிறது. செய்ய வேண்டியவை புதிதும் இல்லை.

முதலாவது, கால்வாய் நெடுக ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்து, கழிவுநீர் இணைப்பை மழைநீர் வடிகாலிலிருந்து பிரிப்பது. பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது, ரிப்பன் வெட்ட முடியாது. ஆனால் பலன் தருவதில் இதுதான் முதலிடம்.

இரண்டாவது, மழைநீரை வரும் வழியிலேயே மெதுவாக்குவது. கூரை நீரைத் தொட்டியில் பிடிப்பது, சரிவில் படிப்படியான தடுப்புகள் கட்டுவது, கால்வாய் ஏரியில் சேரும் முன் மண் படிய வண்டல் தொட்டி வைப்பது. ஆனால் சமவெளியில் செய்வது போல மலைச்சரிவில் கண்ட இடத்தில் உறிஞ்சுகுழி தோண்டக் கூடாது. செங்குத்தான மண்ணுக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் இறங்கினால் சரிவே பெயர்ந்து வரலாம். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை யாரும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, காய்கறிச் சரிவுகள். மேலிருந்து கீழாகப் பார் பிடித்தால் ஒவ்வொரு மழையிலும் மேல்மண் போய்விடும். சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் பயிர் செய்தால் மண்ணும் உரமும் நிலத்திலேயே நிற்கும். இதில் விவசாயிக்கும் லாபம்தான்.

நான்காவது, தண்ணீருக்கு இடம் விடுவது. 2024-ல் ரேஸ் கோர்ஸின் 50 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அரசு மீட்டுத் தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்தது. அங்கே சூழல் பூங்கா அமைப்பது திட்டம். அந்த நிலம் ஏரியாக இருந்தது என்பதை நினைவில் வைத்துப் பூங்காவை வடிவமைத்தால், கனமழைத் தண்ணீர் சில மணி நேரம் அங்கே தங்கி, தெளிந்து, பிறகு ஏரிக்குப் போகலாம். பேருந்து நிலையத்தில் தேங்குவதைவிட அது மேல், இல்லையா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை ஊட்டி நகரத்துக்கு மேலேயும் ஒருநாள் வரலாம்.

இது ஊட்டியின் பிரச்சினை மட்டும்தானா?

ஊட்டி ஏரித் தண்ணீரை ஊட்டி மக்கள் குடிப்பதில்லை. அவர்களுக்குப் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து போன்ற, நகரத்துக்கு வெளியே உள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து குடிநீர் வருகிறது. ஏரி நாறினாலும் ஊர் கவலைப்படாமல் இருக்க அதுவும் ஒரு காரணம். ஆனால் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் காமராஜ் சாகர் அணைப் பக்கம் போகிறது. அந்த நீர்வழிகள் மோயாற்றில் சேர்ந்து, பவானிசாகர் வழியாகப் பவானிக்கும் காவிரிக்கும் போகின்றன. ஊட்டியில் கண்ணில் படாமல் போகும் அழுக்கு, கீழே இருப்பவர்களின் வாசலுக்குப் போகிறது.

குன்னூரிலும் இதே கதைதான். பஜாரின் நடுவே ஓடும் குன்னூர் ஆற்றிலிருந்து தன்னார்வலர்கள் லோடு லோடாகக் குப்பை அள்ளியிருக்கிறார்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடையும் இருக்கிறது. ஆனாலும் மழை வந்தால் அள்ளாமல் விட்டது எல்லாம் ஆற்றோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, பவானியில் கலக்கிறது.

2022-ல் ஊட்டியின் 200-ஆம் ஆண்டையொட்டி நகரத்தில் ஜான் சல்லிவனுக்கு மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. ஊரை உருவாக்கியவருக்கு ஊர் செய்த மரியாதை. தோடர்களின் நிலவுரிமைக்காகக் கவர்னரையே எதிர்த்தவர் என்ற வகையிலும் அவர் நினைக்கப்பட வேண்டியவர்தான். ஆனால் அவர் விட்டுப்போன ஏரிதான் அவருடைய பெரிய நினைவுச்சின்னம். அதன் நிலைமை எல்லோருக்கும் தெரியும்.

மேட்டுப்பாளையத்தில் பவானியில் சேர்ந்த தண்ணீர் அடுத்து தொடும் ஊர்களில் ஒன்று சிறுமுகை. 1819 ஜனவரியில் சல்லிவன் மலையேறக் கிளம்பிய அதே சிறுமுகை. அவர் ஒரு வாரம் நடந்து ஏறிய மலையிலிருந்து, இன்று குன்னூரின் குப்பை ஒரே மழையில் அங்கே இறங்கி வந்துவிடுகிறது.